செவ்வாய்க்கிழமை பன்

ஆரோக்கியமேரி டீச்சர் எந்தப் பொருளையும் தொலைக்க மாட்டார். வைத்த இடத்தை மறந்துவிடுவார், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றில்லை என்பது அவருடைய கட்சி. "தொலைஞ்சது திரும்பாது. மறந்தத அந்தோணியார் கொண்டாந்து குடுத்துடுவாரு" என்பார்.

பேரணாம்பட்டில், தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் வந்து விசாரித்துவிட்டுப் போகிற ஒரு தெருவில், கத்தோலிக்கக் கோயில் நிர்வாகம் நடத்துகிற ஆரம்பப் பள்ளியில் அவர் நாலாம் வகுப்பு டீச்சர். பத்தொன்பது வருடமாக அதே வகுப்பு, அதே பீரோ. அவருடைய அப்பா ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறவைத்தவர். "என் கை வெந்தது போதும். உன் கையில சுண்ணாம்பு பட்டா அது சாக்பீசா இருக்கட்டும்" என்று சொல்லி மகளைப் படிக்க வைத்தார். அந்த சாக்பீஸ் எங்கே என்று மகள் தேடாத நாள் கிடையாது.

கல்யாணத்தன்றே அப்படித்தான். கோயில் பீடத்துக்கு முன்னால் பாதிரியார் "மோதிரத்தை அணிவியுங்கள்" என்கிறார். மோதிரத்தைக் காணோம். மாப்பிள்ளை வசந்த் நீட்டிய விரலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நிற்கிறார். பாட்டுக்காரர்கள் அதே பாட்டை மூன்றாம் தடவை பாடுகிறார்கள். பெண் கண்ணை மூடி, "அந்தோணியாரே, மானத்தக் காப்பாத்தும்" என்று வேண்டிக்கொண்டு கண்ணைத் திறந்தால், மோதிரம் அவருடைய சொந்தக் கட்டைவிரலில் இருந்தது. தொலைந்துவிடக் கூடாதே என்று காலையிலேயே மாட்டிக்கொண்டதாம்.

காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிற புனிதர் அந்தோணியார். அவரிடம் நேர்ந்துகொண்டால், பொருள் கிடைத்ததும் செவ்வாய்க்கிழமையில் ஏழைகளுக்கு ரொட்டி கொடுக்க வேண்டும். டீச்சருக்குத் தெரிந்து எப்போதும் பசியோடு இருக்கிற ஜனம் நாலாம் வகுப்புதான். அதனால் பொருள் கிடைத்த அடுத்த செவ்வாய்க்கிழமை, பஸ் ஸ்டாண்டு பேக்கரியிலிருந்து ஆளுக்கு ஒரு பன் வரும். பிள்ளைகள் அதற்கு அந்தோணியார் பன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்து வீட்டுப் பிள்ளை, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, மொத்தம் இருபத்தேழு பேர். பன் விஷயத்தில் எல்லாரும் ஒரே விசுவாசம்.

பீரோக் கதவின் உள்பக்கம் அந்தோணியார் படம் ஒட்டியிருக்கும். ஒரு கையில் குழந்தை இயேசு, ஒரு கையில் லீலிப்பூ, அது போதாதென்று ஒரு புத்தகம். டீச்சர் தினமும் அதைப் பார்த்து ஆச்சரியப்படுவார். "ரெண்டே கை. ஒன்னையாவது கீழ போடறாரா பாரு."

ஒரு நாள் அந்தப் படத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். அந்தோணியார் எழுதிவைத்திருந்த ஜெபப் புத்தகத்தை மடத்திலிருந்த ஒரு பையன் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். இவர் வேண்டிக்கொண்டார். பையன் மனசு மாறி, புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

முதல் பெஞ்சு சுஹேல் அகமது கையைத் தூக்கினான். சந்தேகம் கேட்பதற்காகவே பிறந்தவன் அவன்.

"எடுத்தவனுக்கு இன்னா குடுத்தாரு டீச்சர்?"

"மன்னிப்புக் குடுத்தாருப்பா."

"பன்னு?"

"அதப் பத்தி எழுதி வெக்கல."

"குடுத்துதான் இருப்பாரு டீச்சர்" என்று சுஹேல் முடிவு செய்துவிட்டு உட்கார்ந்தான். அந்த முடிவை டீச்சர் அன்றைக்குக் கவனித்திருக்க வேண்டும். அவர் அப்போது மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பொங்கல் லீவு முடிந்ததும் தலைமை ஆசிரியர் இருதயராஜ் அவரைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷன். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் மேஜை மேல் இருக்கிற பேப்பர்வெயிட்டைச் சுற்றிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு அது பம்பரமாகச் சுற்றியது.

"டீச்சர், ஏழு வாரத்துல இன்ஸ்பெக்ஷனுக்கு ஆபீசர் வர்றாரு. காசிநாதன் சார். போன தடவ ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"பாடக்குறிப்பு நோட்டு கேட்டாரு. நீங்க ரேஷன் கார்டை எடுத்து நீட்டினீங்க."

"ரெண்டும் ஒரே பையில இருந்துச்சு சார்."

"அவரு அதையும் தொறந்து, சர்க்கரை வாங்கிட்டீங்களான்னு கேட்டுட்டுப் போனாரு. இந்தத் தடவயும் நோட்டு கைக்கு வரலன்னா, உங்கள ஒடுகத்தூர் ஸ்கூலுக்கு மாத்திடணும்னு ஃபாதர் சொல்லிட்டாரும்மா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

ஒடுகத்தூரில் இதே நிர்வாகத்துக்கு மலையடிவாரத்தில் இன்னொரு பள்ளி உண்டு. அங்கே போக குடியாத்தத்துக்கு ஒரு பஸ், வேலூருக்கு ஒரு பஸ், அப்புறம் ஒடுகத்தூருக்கு ஒரு பஸ். மூன்று பஸ்ஸில் மூன்று குடையை மறந்துவைக்கிற ஆள் டீச்சர். ஆனால் அவருக்கு பஸ் கவலை இல்லை. சுஹேலுக்கு இன்னும் வகுத்தல் வரவில்லை. சோபனாவுக்கு வாசிப்பு இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது. அக்தரி பேகம் வகுப்பில் வாயைத் திறக்கவே ஆறு மாதம் ஆயிற்று. இப்போது மூட முடியவில்லை. இருபத்தேழு பேரையும் பாதியில் விட்டுவிட்டுப் போவதா?

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதார். வசந்த் ஷூ கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். எந்தத் துக்கத்துக்கும் அவரிடம் இருக்கிற ஒரே மருந்து அட்டைப் பெட்டி.

"இதுக்கா அழுவுற மேரி? டேமேஜ் பாக்ஸ் எவ்வளவோ கெடக்குது. பன்னெண்டு கொண்டாரேன். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு பாக்ஸ். மூடி மேல பேரு எழுதிடு. எங்க கம்பெனில ஒரு நாளைக்கு எத்தினி ஆயிரம் ஜோடி போவுது, எதுனா மாறிப் போயிருக்கா?"

"போன வருஷம் ரெண்டும் எடது காலா போச்சின்னு சொன்னீங்களே?"

"அது வேற கத. நீ பாக்ஸ வெச்சிக்கோ."

பன்னிரண்டு பெட்டிகளும் வந்தன. மூடிகளின் மேல் டீச்சர் அழகான எழுத்தில் எழுதினார்: பாடக்குறிப்பு, மதிப்பெண், பிறப்புச் சான்றிதழ், சாக்பீஸ், பேனா, கண்ணாடி, சாவி, இப்படி. ஒன்றில் 'மற்றவை' என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, 'மற்றவைக்கு மற்றவை' என்று இன்னொன்றும் எழுதினார். எடுத்ததை எடுத்த பெட்டியில் வைப்பது என்று அந்தோணியார் படத்தில் கைவைத்து வாக்குக் கொடுத்தார்.

அதிசயம், நடந்தது. ஒரு வாரம் ஒன்றும் காணாமல் போகவில்லை. இரண்டாம் வாரமும் போகவில்லை. டீச்சர் நிமிர்ந்து நடந்தார். செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போனபோது, "கொஞ்ச நாள் நீர் ரெஸ்ட் எடும்" என்று அந்தோணியாரிடமே சொல்லிவிட்டு வந்தார்.

வகுப்பில்தான் ஏதோ சரியில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆனால் பிள்ளைகள் கதவையே பார்த்தார்கள். "டீச்சர், உங்க கண்ணாடி இருக்குதா?" என்று ஒருத்தி ஆசையாகக் கேட்டாள். "இருக்கும்மா, பெட்டியில பத்திரமா இருக்கு" என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. என்ன அக்கறை என்று டீச்சர் நெகிழ்ந்து போனார்.

மூன்றாம் வாரம் ஸ்டேப்ளர் காணாமல் போயிற்று.

'ஸ்டேப்ளர்' என்று எழுதிய பெட்டிக்குள் காற்றுதான் இருந்தது. டீச்சர் மற்ற பெட்டிகளையெல்லாம் திறந்து மூடினார். பிள்ளைகள் கலங்கவில்லை. "வேண்டிக்கோங்க டீச்சர்" என்று இருபத்தேழு பேரும் தாங்களாகவே கைகூப்பினார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் சுஹேல் எழுந்து போய், இந்தியா மேப்புக்குப் பின்னாலிருந்து ஸ்டேப்ளரை எடுத்துவந்தான். அடுத்த செவ்வாய் பன். நாலாம் வாரம் பீரோச் சாவி. ஜன்னல் சட்டத்தின் மேலே கிடைத்தது. பன். ஐந்தாம் வாரம் மர ஸ்கேல். பன்.

அதே சமயத்தில் வகுப்பறைச் சுவரில் சின்னச் சின்னச் சிவப்பு அம்புகள் முளைக்க ஆரம்பித்தன. விரல் நகம் அளவு ஸ்டிக்கர். அது சோபனாவின் கைவேலை என்று டீச்சருக்குத் தெரியும். அவளுடைய அம்மா ஜோதி ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். தோலில் எங்கே கீறல் இருக்கிறதோ, எங்கே தையல் விட்டிருக்கிறதோ, அங்கே ஒரு சிவப்பு அம்பு ஒட்டிவிட்டால் அடுத்த கை பார்த்துச் சரிசெய்துவிடும். மிச்சம் விழுகிற ஸ்டிக்கர் மகளுக்கு வரும். பிள்ளைகள் செக்கிங் விளையாட்டு விளையாடுகிறார்கள் என்று டீச்சர் நினைத்தார். சுவரில் விரிசலுக்கா பஞ்சம்?

ஆறு வாரம் ஓடிற்று. செவ்வாய்க்கிழமை காலை ஆபீசர் வருகிறார். திங்கட்கிழமை பிள்ளைகள் போன பிறகு டீச்சர் கடைசி ஒழுங்கில் இறங்கினார். சுவரிலும் ஜன்னலிலும் பீரோவிலும் இருந்த அம்புகளை ஒன்றுவிடாமல் உரித்தார். அப்புறம் பெட்டி மூடிகளில் தூசி தெரிந்தது. பன்னிரண்டையும் கழற்றி ஈரத்துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் காயவைத்து, திரும்ப மாட்டினார். எந்த மூடி எந்தப் பெட்டிக்கு என்று பார்க்க வேண்டும் என்பது வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடும்போதுதான் உறைத்தது. "எல்லாம் ஒரே சைஸ் பாக்ஸ்தானே, கரெக்டா உக்காந்துடும்" என்று வசந்த் தைரியம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்குப் பீரோவைத் திறந்தார். 'பாடக்குறிப்பு' பெட்டியில் சாக்பீஸ். 'சாக்பீஸ்' பெட்டியில் பிறப்புச் சான்றிதழ்கள். 'கண்ணாடி' பெட்டியில் போன வருடத்து கிறிஸ்துமஸ் நட்சத்திரம். பன்னிரண்டையும் திறந்து பார்த்தார். தலைகால் தெரியாமல் குழம்பிக் கிடந்தாலும் எல்லாம் இருந்தன, ஒன்றைத் தவிர. பாடக்குறிப்பு நோட்டு இல்லை.

ஒன்பது மணிக்கு வந்த பிள்ளைகள் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். யாரும் பதறவில்லை. சோபனா ஒரு பெரிய மனுஷி போல டீச்சரின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

"இன்னாத்துக்கு டீச்சர் அழுவுறீங்க? நோட்டுதானே? வேண்டிக்கோங்க, வந்துடும்."

வேண்டினார். கண்ணைத் திறந்தார். சுஹேல் எழுந்து நின்றான். மேப்புப் பக்கம் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். பீரோவைச் சுற்றிவந்தான். அவன் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"டீச்சர்... அம்பெல்லாம் எங்க?"

"ஆபீசர் வர்றாரில்லப்பா, உரிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒன்னு விடல."

சோபனா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவள் அழுகையினூடே உண்மை வெளியே வந்தது. பெட்டி வந்த பிறகு டீச்சர் எதையும் மறக்கவில்லை. மறக்காததால் அந்தோணியாருக்கு வேலை இல்லை. அவருக்கு வேலை இல்லாததால் பன் இல்லை. அதனால் வாரம் ஒருத்தர் முறைவைத்து ஒரு பொருளை ஒளித்து, அந்த இடத்தில் அம்பு ஒட்டிவிடுவது. தேடுவது சுஹேல்.

"ஒளிச்சவங்களே எடுத்தா அது பொய்யி டீச்சர்" என்றான் சுஹேல், தலையைக் குனிந்துகொண்டு. "அதனால ஒளிச்சவங்க சொல்லக் கூடாது, நான் கேக்கக் கூடாது. நான் நெஜமாவே தேடித்தான் கண்டுபிடிப்பேன்."

"இந்த வாரம் யாரு முறை?"

"அக்தரி."

அக்தரி பேகத்தின் இடம் காலியாக இருந்தது. திங்கட்கிழமை மத்தியானமே வேலூரில் மாமா கல்யாணம் என்று அப்பாவோடு கிளம்பிப் போய்விட்டாள்.

"பாத்துப் பாத்து அந்த நோட்டையா எடுக்கணும்?"

"சின்ன பொருளுக்கே சாதா பன்னு வருது. பெருசா எதுனா எடுத்தா க்ரீம் பன்னு வரும்னு அவதான் சொன்னா டீச்சர்."

டீச்சர் பீரோக் கதவின் உள்பக்கம் திரும்பிப் படத்தைப் பார்த்தார். இத்தனை வாரமாகத் தான் மெழுகுவர்த்தி ஏற்றி நன்றி சொன்னதெல்லாம் யாருக்கு? மெதுவான குரலில் கேட்டார்.

"சோபனா, என் ஸ்கூட்டி சாவி காணாம போச்சே, அதுவும் நீங்களா?"

"அய்யோ, அது நாங்க இல்ல டீச்சர். அது வண்டியிலயே இருந்துச்சு."

"பொங்கலுக்கு முன்னாடி கண்ணாடி?"

"அது உங்க தலை மேல இருந்துச்சு. அது அந்தோணியாருதான்."

"டிபன் பாக்ஸு?"

"அதுவும் அவருதான் டீச்சர். நாங்க ஸ்டேப்ளர்லேர்ந்துதான்."

டீச்சருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பத்தொன்பது வருடத்தில் நாலைந்து வாரம்தான் இந்தக் குட்டிச் சாத்தான்களுடையது. மிச்சமெல்லாம் அந்தோணியார் கணக்கே. அந்த ஆறுதலோடு அக்தரியின் அப்பா இஷ்தியாக் அகமதுவுக்கு போன் போட்டார். கல்யாண மண்டபத்து இரைச்சல் காதைப் பிளந்தது.

"டீச்சர்! சலாம்! டிபன் ஓடிக்கினு இருக்குது, நீங்களும் வந்திருக்கலாமே!"

"அக்தரிகிட்ட குடுங்க பாய், அவசரம்!"

"இன்னா, அவ எதுனா தப்பு பண்ணாளா? ஜாஸ்தி பேசறாளா?"

"இல்ல பாய், ஒரு சந்தேகம்!"

அக்தரி வாயில் எதையோ மென்றுகொண்டு வந்தாள். "டீச்சர், ஜிலேபி போட்டிருக்காங்க!"

"நோட்ட எங்கம்மா வெச்ச?"

"அம்பு ஒட்டியிருக்கேனே டீச்சர்!"

"அம்ப உரிச்சிட்டேம்மா. எந்த எடம், அதச் சொல்லு!"

"அம்பு காட்டுதே டீச்சர், அந்த எடம்தான்!" என்று அவள் பொறுமையாக விளக்கினாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல. "அம்பு எங்க இருக்குதோ, அதுக்கு உள்ள!" அதற்குள் யாரோ மைக்கில் அலோ அலோ என்றார்கள். லைன் போய்விட்டது. அப்புறம் எத்தனை தடவை போட்டும் யாரும் எடுக்கவில்லை.

இருபத்தாறு பேரும் வகுப்பைத் தலைகீழாகப் புரட்டினார்கள். மேப்பைக் கழற்றினார்கள். குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்கள். சத்துணவு சமைக்கும் கண்ணம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், ஆபீசர் வர்ற அன்னிக்கி வீடு காலி பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு, தானும் ஒரு கை கொடுத்தாள். நோட்டு இல்லை. வகுப்பறையில் பார்க்காத இடமே இல்லை.

பத்து மணிக்கு ஆபீசர் காசிநாதன் வந்தார். நெட்டையான ஆள். சிரிப்பை ஆபீசிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர் போல ஒரு முகம். பின்னாலேயே இருதயராஜ் சார் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது நாலாம் வகுப்பின் நாற்காலிதான். நேற்று மத்தியானம் அதன் ஆடுகிற காலைச் சரிசெய்ய அவர் தன் ரூமுக்கு எடுத்துப்போயிருந்தார். டீச்சர் கையால் தைத்த பூப்போட்ட உறை போட்ட குஷன் அதன் மேல் இருந்தது. ஆபீசர் அதில் உட்கார்ந்தார். ஒரு மாதிரி நெளிந்தார். மறுபடியும் சரிசெய்து உட்கார்ந்தார்.

"மதிப்பெண் பதிவேடு?"

டீச்சர் 'மதிப்பெண்' என்று எழுதிய பெட்டியைத் திறந்தார். உள்ளே ரப்பர் பேண்டு.

"இது மூடி மாறிடிச்சு சார்" என்று 'மற்றவை' பெட்டியைத் திறந்து, அதிலிருந்து மதிப்பெண் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். ஆபீசர் மூடியைப் படித்தார். பதிவேட்டைப் படித்தார்.

"பாடக்குறிப்பு நோட்டு?"

இருதயராஜ் சாரின் விரல்கள் இல்லாத பேப்பர்வெயிட்டைச் சுற்ற ஆரம்பித்தன. வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒரு பொய் டீச்சரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே சுஹேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒளித்தவர்களே எடுத்தால் பொய் என்று சொன்னவன் அவன்.

"சார், நோட்டு இருக்கு. ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன். ஆனா எங்க இருக்குன்னு தெரியல. பசங்க ஒளிச்சு வெச்சிட்டாங்க."

"எதுக்கு?"

"பன்னுக்காக சார்."

ஆபீசர் இருதயராஜ் சாரைப் பார்த்தார். இருதயராஜ் சார் கூரையைப் பார்த்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல" என்றார் ஆபீசர் நிதானமாக, "நோட்ட மாடு தின்னுடிச்சுன்னு கேட்டிருக்கேன். வெள்ளத்துல போச்சுன்னு கேட்டிருக்கேன். பன்னுக்காகன்னு இப்பதான் கேக்கறேன். சரிம்மா, நான் எழுத வேண்டியத எழுதிடறேன்." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். பையிலிருந்து அறிக்கைப் புத்தகத்தை எடுக்க எழுந்து திரும்பினார்.

அவருடைய பேன்ட்டின் பின்பக்கத்தில், நட்டநடுவில், ஒரு சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அம்பு!" என்று கத்தினான் சுஹேல்.

"டீச்சர், சார் மேல அம்பு!" என்று சோபனா பெஞ்சின் மேல் ஏறிவிட்டாள்.

"டேமேஜ்! டேமேஜ்!" என்று கடைசி பெஞ்சு குதித்தது. செருப்புக் கம்பெனி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிவப்பு அம்பைப் பார்த்தால் வேறென்ன வாயில் வரும்?

ஆபீசர் தன் பின்பக்கத்தைத் தானே பார்க்க முயன்றார். வலப்பக்கம் சுற்றினார், தெரியவில்லை. இடப்பக்கம் சுற்றினார். அவரோடு சேர்ந்து அம்பும் சுற்றியது. அவருக்கு உதவ இருதயராஜ் சாரும் சுற்றினார். ஆபீசரின் அந்த இடத்தில் கைவைக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

டீச்சருக்கு மட்டும் அக்தரியின் குரல் கேட்டது. அம்பு எங்க இருக்குதோ, அதுக்கு உள்ள. அம்பு சார் மேலே முளைக்கவில்லை. சார் உட்கார்ந்த இடத்திலிருந்து வந்திருக்கிறது. பாய்ந்து போய்க் குஷனை எடுத்தார். உறையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே, பஞ்சுக்கு அடியில், பாடக்குறிப்பு நோட்டு இருந்தது. தொட்டால் இளஞ்சூடாக இருந்தது.

"கிடைச்சிடிச்சு சார்!" என்று இரண்டு கையாலும் நீட்டினார். "இவ்வளவு நேரம் நீங்கதான் பத்திரமா பாத்துக்கிட்டீங்க."

ஆபீசர் அம்பை உரித்துத் தன் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, சூடு ஆறாத நோட்டை வாங்கி, இந்தத் தடவை உட்காராமல் நின்றபடியே பிரித்தார். நாள் தவறாமல், பாடம் தவறாமல், மணி மணியான எழுத்து. பக்கம் புரட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

"'அந்தோணியாரே, சுஹேலுக்கு வகுத்தல் எங்கோ தொலைந்துவிட்டது. தேடித் தரவும்.' இது இன்னாம்மா?"

டீச்சருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அது சும்மா சார். மறந்துடக் கூடாதுன்னு ஓரத்துல எழுதி வெக்கறது."

"'சோபனாவின் எழுத்தில் கொம்பும் காலும் காணோம்.' 'அக்தரியின் குரலைக் காணோம்.'" இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். "'அக்தரியின் குரல் கிடைத்துவிட்டது, நன்றி. கொஞ்சம் குறைத்துக் கொடுத்திருக்கலாம்.'"

ஆபீசரின் மீசை லேசாக ஆடியது. ஆபீசிலேயே பூட்டிவைத்துவிட்டு வந்தது எப்படியோ பின்னாலேயே வந்துவிட்டது போல.

"யாருப்பா சுஹேல்? எழுந்திரு. வகுத்தல் கெடைச்சிடிச்சா? ஐம்பத்திரண்டு பன்னு. இங்க இருபத்தாறு பேரு. ஆளுக்கு எத்தனை?"

சுஹேல் விரல்களை மடக்கினான். உதடு அசைந்தது. டீச்சர் படத்தின் பக்கம் திரும்பாமலே மனசுக்குள் கைகூப்பினார்.

"ரெண்டு சார்" என்றான். "ஆனா அக்தரிக்கு ஒன்னு எடுத்து வெக்கணும். அதனால ஒருத்தருக்கு மட்டும் ஒன்னுதான் கெடைக்கும். அது நான் இல்ல சார்."

"உக்காரு" என்றார் ஆபீசர். "நல்லாவே கெடைச்சிருக்கு." அறிக்கையை மேஜையில் வைத்துப் பிரித்தார். "நோட்டு முறையா இருக்குன்னு எழுதிடறேம்மா. எந்தப் பெட்டியில இருக்குன்னு எழுதல. எங்க என் பேனா?"

மேஜை மேல் வைத்த பேனாவைக் காணோம்.

டீச்சர் மெல்லத் திரும்பி வகுப்பைப் பார்த்தார். இருபத்தாறு பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்கள்.

"நாங்க இல்ல டீச்சர்! சத்தியமா!"

"அல்லா மேல ஆணையா இல்ல டீச்சர்!"

இருதயராஜ் சார் மேஜைக்கு அடியில் தேடினார். ஆபீசர் தன் பாக்கெட்டுகளையெல்லாம் தடவினார். டீச்சர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் போய்ப் 'பேனா' என்று எழுதிய பெட்டியைத் திறந்தார். உள்ளே பேனா இருந்தது. நோட்டு கிடைத்த சந்தோஷத்தில், எடுத்ததை வைக்கும் பழக்கத்தில், அவரே அதை எடுத்து உள்ளே போட்டிருக்கிறார். பன்னிரண்டு மூடிகளில் அந்த ஒன்று மட்டும் சரியான பெட்டியில் உட்கார்ந்திருந்தது.

ஆபீசர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது வாசலில் நின்று பன் கதையை முழுசாகக் கேட்டுக்கொண்டு, "அந்த பேக்கரி எங்க இருக்குது?" என்று இருதயராஜ் சாரை விசாரித்தார். "பேனா கெடைச்சிடிச்சில்ல. மொறைன்னு ஒன்னு இருக்குதே."

மத்தியானம் ஐம்பத்திரண்டு பன்கள் வந்தன. க்ரீம் பன். சுஹேல் சொன்ன கணக்குப்படியே பங்கு நடந்தது. ஒன்றே ஒன்று கிடைத்தது டீச்சரின் மேஜைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காருகிற ஒரு பெண்ணுக்கு. டீச்சர் தன் டிபனிலிருந்து முட்டையை அவளுக்குக் கொடுத்துச் சமாதானம் செய்தார். இனிமேல் யாரும் எதையும் ஒளிக்கக் கூடாது, ஒளித்தாலும் ஒளிக்காவிட்டாலும் செவ்வாய்க்கிழமை பன் உண்டு என்று அன்றைக்கே தீர்ப்பாயிற்று. அக்தரியின் பன்னை டீச்சர் தானே காகிதத்தில் சுற்றிப் பத்திரமாக ஒரு பெட்டியில் வைத்து மூடினார்.

மறுநாள் அக்தரி கையில் மருதாணியோடு வந்தாள். எல்லாக் கதையையும் வாசலிலேயே கேட்டுவிட்டாள். டீச்சர் முன்னால் வந்து நின்று, கொஞ்ச நேரம் அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பன்னு?" என்றாள். "க்ரீம் பன்னுதானே டீச்சர்? நான் சொன்னேன்ல?"

"இரும்மா, எடுத்து வெச்சிருக்கேன்."

டீச்சர் பீரோவைத் திறந்தார். பன்னிரண்டு பெட்டிகளைப் பார்த்தார். பன்னிரண்டு மூடிகளைப் பார்த்தார். ஒன்றிலும் 'பன்' என்று எழுதியிருக்கவில்லை. மெல்ல அந்தோணியார் படத்தின் பக்கம் கண் போயிற்று.

"வேண்டிக்கோங்க டீச்சர்" என்றான் சுஹேல். சொல்லிவிட்டு அவனே தரையைக் காட்டினான். ஜன்னலிலிருந்து இறங்கி, மேஜைக் காலைச் சுற்றி, பீரோவுக்குள் ஏறி, பிறப்புச் சான்றிதழ் என்று எழுதிய மூடிக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது, அம்பு மாதிரி, சிவப்பாக, ஓர் எறும்பு வரிசை.